ஆயா வீட்டு ஹாலும் பழைய 50 லென்ஸும்

குழு: வண்ணாரப்பேட்டை வீடு

பாபு: சித்தப்பா, உங்கள் ஃபிலிம் கேமராவில் இருந்த 50 மி.மீ. லென்ஸை என் கேனன் டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் பார்த்தேன். பீரோவில் முதுகை ஒட்டி நின்றும் ஆயாவும் பக்கத்தில் இரண்டு பேரும்தான் வருகிறார்கள். 1998 பொங்கலுக்கு இதே ஹாலில் எல்லாரையும் எடுத்தீர்களே?

மீனா அத்தை: லென்ஸ் பழசாகிவிட்டதோ?

சித்தப்பா: லென்ஸில் ஒன்றும் இல்லை அக்கா. அன்றும் 50, இன்றும் 50. அது லென்ஸின் குவியத்தூரம், இந்த எண் குறையக் குறைய அகலமாகத் தெரியும். ஃபிலிம் 36 மி.மீ. அகலம், இவன் கேமராவில் ஃபிலிமுக்குப் பதிலாகப் படத்தைப் பிடிக்கும் சென்சார் 22.3தான். லென்ஸ் அதே படத்தைத்தான் உள்ளே போடுகிறது, ஓரமெல்லாம் சென்சாருக்கு வெளியே விழுந்துவிடுகிறது.

சித்தப்பா: அந்தப் பொங்கல் போட்டோ ஆல்பத்தில் இருக்கிறதா? இரண்டு பக்கமும் ஓர் அங்குலம், மேலும் கீழும் முக்கால் அங்குலம் பேப்பரால் மறைத்துப் பாருங்கள்.

மீனா அத்தை: மறைத்தேன். நானும் போய்விட்டேன், உங்க மாமாவும் போய்விட்டார்! ஆயா மடியில் பாபு மட்டும் கிலுகிலுப்பையோடு இருக்கிறான்.

சித்தப்பா: அந்த மிச்சம்தான் பாபு உன் கேமராவுக்குத் தெரிவது. அதைப் பெரிதாக்கினால் 80 லென்ஸில் எடுத்த மாதிரி இருக்கும். 36ஐ 22.3ஆல் வகுத்தால் 1.6, லென்ஸ் எண்ணை அதனால் பெருக்கச் சொல்வது இதற்குத்தான், லென்ஸ் 80 ஆகிவிடாது. பத்தடி தள்ளி நின்றால் ஃபிலிமில் ஏழடி அகலம், உன்னுடையதில் நாலரை அடி.

பாபு: அப்போ 18-55 ஜூம் லென்ஸை மாட்டி 18ல் வைக்கட்டுமா?

சித்தப்பா: அதே பத்தடியில் பன்னிரண்டடி அகலம் வரும். ஆனால் ஓரத்தில் நிற்பவர் முகம் இழுத்தாற்போல் ஆகிவிடும். 24ல் வை, ஒன்பதடி கிடைக்கும். நம் ஹாலுக்கு அது போதும்.

கவிதா: என் போனில் எல்லாரும் வருகிறார்களே சித்தப்பா, அதுவும் 24 என்றுதானே போட்டிருக்கிறது?

சித்தப்பா: போன் லென்ஸ் நிஜத்தில் ஐந்தாறு மி.மீ.தான் அம்மா. அந்த 24 என்பது 36 மி.மீ. அகல ஃபிலிமுக்குப் போட்ட கணக்கு. பாபு கேமராவில் அதே அகலம் வேண்டுமென்றால் 15 வேண்டும். எண்ணைப் பார்த்ததும் எந்த சென்சாருக்கு என்று கேட்டுவிடு.

பாபு: அப்போ 50 வேண்டாமா?

சித்தப்பா: ஆயாவைத் தனியாக எடுக்க அதுதான் வேண்டும். ஜன்னல் பக்கம் உட்கார வைத்து ஏழடி தள்ளி நின்று எடு. ரொம்பக் கிட்டே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். அது லென்ஸால் இல்லை, தூரத்தால்.

மீனா அத்தை: ஞாயிறு காலை அம்மாவுக்கு அரக்குப் புடவை கட்டிவிடுகிறேன். இந்த முறை நான் அவங்க பக்கத்திலேயே உட்காருகிறேன்.