மறுமொழி: க்வெசடில்லாவுக்குத் தமிழ்ச் சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

> "பாலாடைக்கட்டி நிரப்பிய மக்காச்சோளத் தட்டை ரொட்டி" என்று வைத்துக்கொள்ளலாமா?

சமையல் குறிப்பின் தலைப்பில் இதைப் போட்டால், வாசகர் படித்து முடிப்பதற்குள் பண்டமே வெந்து ஆறிவிடும். இது விளக்கம், பெயர் அன்று. அதோடு, பாலாடைக்கட்டி என்ற சொல்லோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. காய்ச்சிய பாலின் மேல் படர்வதுதான் பாலாடை. சீஸ் அதிலிருந்து வருவதில்லை. பாலைத் திரளச் செய்து, நீரை வடித்து எடுப்பது. இலங்கைத் தமிழர் வழங்கும் பாற்கட்டி பொருளிலும் சரி, நீளத்திலும் சரி, இதைவிட மேல்.

> க்வெசடில்லா என்றே எழுதிவிட்டால் என்ன?

அந்த "க்வெ" எங்கிருந்து வந்தது? ஸ்பானிய மொழியில் இந்தச் சொல்லின் தொடக்கத்தில் வகர ஒலியே இல்லை. இரட்டை எல் மெக்சிகோவில் ஏறக்குறைய யகரமாக ஒலிக்கிறது. நடுவில் உள்ளதும் டகரம் அன்று. "அது" என்று சொல்லும்போது நம் நாக்கில் மென்மையாக வருகிற தகரத்துக்கு மிக நெருக்கம். ஆக, "கெசதியா". கிரந்தம் வேண்டாம், மெய்யெழுத்தில் தொடங்கவும் வேண்டாம். தமிழ் எழுத்து இவ்வளவு இயல்பாக இடங்கொடுக்கும் அயற்சொல் அரிது. நாமோ ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பாற்கட்டிக்கு ஸ்பானியத்தில் கேசோ. கெசதியா அதிலிருந்து பிறந்த சொல்தான். அதற்காகத் தமிழ்ப் பெயரிலும் பாற்கட்டியைக் கட்டாயமாக்கினால் மெக்சிகோ நகரத்தில் மாட்டிக்கொள்வோம். அங்கே பூசணிப்பூவையோ காளானையோ மட்டும் வைத்துத் தந்தாலும் அது கெசதியாதான். பாற்கட்டி வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். மக்காச்சோளக் கதிரில் கரிப்பூட்டை நோய் வந்து பருக்கும் பூஞ்சையைக்கூட வைக்கிறார்கள். உயிட்லகோச்சே என்று பெயர். நம் உழவர்கள் பிடுங்கி எரிப்பதை அவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் "பாற்கட்டி இல்லாமல் என்ன கெசதியா?" என்று கேலி செய்வது அந்நாட்டில் ஓயாத சண்டை.

எல்லாக் கெசதியாவுக்கும் பொதுவானது எது? மடிப்பு. எனவே என் முன்மொழிவு: மடியடை.

"அடை" என்றதும் பருப்பு அடையை நினைக்க வேண்டாம். வாழையிலையில் தட்டிக் கல்லில் போடும் கேழ்வரகு அடையை நினையுங்கள். கெசதியாவில் மடிக்கும் தட்டை ரொட்டியான தோர்த்தியாவும் அந்த இனம்தான். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, கழுவி அரைத்த மாவு அது. சுண்ணாம்பு படாத வெறும் மக்காச்சோள மாவு இப்படிச் சேர்ந்து வராது. தட்டினால் விரிந்து உடையும். (வடமெக்சிகோவில் கோதுமை மாவிலும் செய்கிறார்கள். அது சப்பாத்திக்குச் சொந்தம்.) "மடி" சேர்ந்தால் ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை.

செய்முறையில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். "தோசைக்கல்லை மிதமாகக் காயவிடவும். அடையைப் போட்டு, ஒரு பாதியில் துருவிய பாற்கட்டியைத் தூவி, மறுபாதியை அதன்மேல் மடிக்கவும். தோசைத்திருப்பியால் மெல்ல அழுத்தி, பக்கத்துக்கு 2 நிமிடம். உள்ளே இளகி, பிய்த்தால் இழையோட வேண்டும்." எங்கும் இடறவில்லை. மொசரெல்லா இழையோடும். பன்னீர் இழையோடாது, அமிலம் சேர்த்துத் திரித்ததால் சூட்டில் இளகாமல் அப்படியே நிற்கும். குறிப்பில் "பாற்கட்டி அல்லது பன்னீர்" என்று இருப்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

---

ஐயா,

அடை சரி. "மடி" என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஈரத்துணியோடு சமையலறைக்குள் நுழைவதைத்தான் நினைப்பார்கள். சோம்பலும் மடிதான், சாவும் மடிவுதான். தெரிந்தே இந்தச் சொல்லை எடுத்தீர்களா? இரண்டு அடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செய்வதை என்ன சொல்வீர்கள்? நான் மொழிபெயர்க்கும் குறிப்பு அதைத்தான் "எளிய வழி" என்கிறது.

---

அம்மா,

பசுவின் மடியை விட்டுவிட்டீர்களே, பாற்கட்டியின் ஊற்றே அதுதானே! சோம்பலும் பொருந்தும், பத்து நிமிடத்தில் இரவுணவு வேண்டும் என்பவர்கள்தாம் இதைச் செய்கிறார்கள். "மடிப்படை" என்று மாற்றலாம் என்றால், அது ஏதோ படைப்பிரிவின் பெயர் போல இருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. இரண்டு கோதுமை அடைகளுக்கு நடுவே ஹாமும் பாற்கட்டியும் வைத்தால், மெக்சிகோவில் அதற்குச் சிங்குரோனிசாதா என்று வேறு பெயரே இருக்கிறது. "ஒத்திசைக்கப்பட்டது" என்று பொருள். அதற்கு இணையடை. உங்கள் குறிப்பை எழுதியவர் அங்கே மடியடை என்ற பெயரில் இணையடையைக் கற்றுத்தருகிறார்.

---

இணையடையை உடனே எடுத்துக்கொள்கிறேன், ஐயா. தலைப்பில் "கெசதியா", முதல் வரியில் "மெக்சிகோவின் மடியடை" என்று போட்டிருக்கிறேன். பன்னீரை எடுத்துவிட்டேன். ஆனால் தகரத்தைப் பார்த்து அச்சுக்கோப்பவர் எழுத்துப்பிழை என்று நினைத்து, இரண்டு முறை "கெசடியா" என்று திருத்தி அனுப்பிவிட்டார். மூன்றாம் முறையும் சொல்லிப் பார்க்கிறேன்.