மலேசியா போன தம்பிகளுக்கு: வெள்ளி ரேட்டை ஒரு நாள் மட்டும் பார்த்தால் போதாது

ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினம், பனைக்குளம், சித்தார்கோட்டை, தொண்டி பக்கமிருந்து புதிதாக மலேசியா போயிருக்கும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். பெர்மிட், தங்கும் இடம், வேலை நேரம் பற்றியெல்லாம் மற்றவர்கள் நிறைய சொல்லிவிட்டார்கள். நான் பணம் அனுப்புவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெள்ளி என்று நாம் சொல்வது மலேசியப் பணமான ரிங்கிட்டை, ரேட் என்பது ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய் என்பது. அங்கே பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரில் இருப்பதால், அனுப்புகிறவர் தவிப்பும் தெரியும், இங்கே காத்திருக்கிறவர் தவிப்பும் தெரியும்.

மாதச் சம்பளம் வந்ததும் வீட்டிலிருந்து போன் வரும். "வெள்ளி இன்னைக்கு என்ன போகுது?" நீங்கள் பார்ப்பீர்கள். நேற்றைவிட பதினைந்து பைசா குறைவாக இருக்கும். சரி, ஏறட்டும் என்று வைத்துவிடுவீர்கள். பெரும்பாலான புதியவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். இன்றைய ரேட் நல்லதா கெட்டதா என்று நேற்றைய ரேட்டை வைத்துச் சொல்ல முடியாது. குறைந்தது இரண்டு மூன்று வருட ரேட்டைப் பார்த்த பிறகுதான் நமக்கு ஒரு நிதானம் வரும்.

முதலில் ஒரு விஷயம். ரிங்கிட்டுக்கும் ரூபாய்க்கும் நடுவில் டாலர் உட்கார்ந்திருக்கிறது. ஒரு டாலருக்கு எத்தனை ரூபாயோ, அதை ஒரு டாலருக்கு எத்தனை ரிங்கிட்டோ அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் நம் ரேட். அதனால் ரூபாய் அசையாமல் இருக்கும்போதே உங்கள் ரேட் ஏறலாம், இறங்கலாம்.

இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2013 ஆகஸ்ட் கடைசியில் ஒரு டாலர் 68 ரூபாய்க்கு மேல் போனது. ரிங்கிட் அப்போது டாலருக்கு 3.3 அளவில் இருந்தது. ஆக ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய்க்கு மேல். 2017 ஜனவரியிலும் டாலர் அதே 68 ரூபாய்தான். ஆனால் ரிங்கிட் டாலருக்கு 4.4க்கு மேல் விழுந்திருந்தது. வெள்ளி 15 ரூபாய் சொச்சம். ஊரில் எல்லாரும் ரூபாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் கையில் இருப்பது ரிங்கிட், அதையும் பார்க்க வேண்டும்.

பெரியவர்கள் 1997ஐ மறக்க மாட்டார்கள். அந்த வருடம் நடுவில் டாலருக்கு 2.5 ரிங்கிட், ஒரு வெள்ளிக்கு 14 ரூபாய். ஆசிய நிதி நெருக்கடி வந்து 1998 ஜனவரி தொடக்கத்தில் ரிங்கிட் 4.88 வரை சரிந்தபோது வெள்ளி 8 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. சம்பளத்தில் ஒரு காசு குறையவில்லை, ஆனால் ஊருக்கு வரும் பணம் ஆறே மாதத்தில் பாதியை நெருங்கிவிட்டது. இந்தக் கடற்கரையில் பாதியில் நின்ற வீடுகளுக்கும் தள்ளிப்போன கல்யாணங்களுக்கும் பின்னால் இப்படிப்பட்ட காலங்களும் உண்டு. 1998 செப்டம்பரில் மலேசியா டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டது. 2005 ஜூலை 21 வரை அது நீடித்தது. அந்த ஏழு வருடமும் வெள்ளி ரேட் என்பது டாலர் ரேட்டை 3.80ஆல் வகுத்ததுதான், 11, 12 ரூபாய் என்று பெரிய ஆட்டமில்லாமல் ஓடியது. "எங்க காலத்துல ரேட் நிலையா இருந்துச்சு" என்று மாமாமார் சொல்வது அந்த வருடங்களைத்தான். அது அப்போதே முடிந்துவிட்டது.

இப்போதைய காலத்துக்கு 2024ஐப் பாருங்கள். பிப்ரவரியில் ரிங்கிட் டாலருக்கு 4.80ஐ ஒட்டிப் போய், 1998க்குப் பிறகு காணாத அடிமட்டத்தைத் தொட்டது. வெள்ளி 17 ரூபாய் சொச்சம். செப்டம்பர் கடைசியில் அதுவே 4.12. வெள்ளி 20 ரூபாயைத் தாண்டியது. அந்த மாதங்களில் ரூபாய் 83ஐச் சுற்றியே நின்றது. இந்த ஏற்றத்தை முன்கூட்டியே சொன்னவர் யாரையும் நான் பார்க்கவில்லை. அதனால்தான் "அடுத்த மாசம் ஏறும்" என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அதை நம்பி வீட்டுச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய ரேட்டை எங்கே பார்ப்பது? மலேசியாவின் மத்திய வங்கி, பேங்க் நெகாரா, தன் இணையதளத்தில் தினசரி ரேட்டைப் போடுகிறது. பழைய தேதிகளையும் எடுக்கலாம். அதில் இந்திய ரூபாய் 100 ரூபாய்க்கு எத்தனை ரிங்கிட் என்ற கணக்கில் இருக்கும். 100 ரூபாய்க்கு 5.00 என்று இருந்தால், 100ஐ 5ஆல் வகுத்து, ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய். அந்த எண் 5.00இலிருந்து 5.10 ஆனால் உங்களுக்கு ரேட் குறைந்திருக்கிறது என்று பொருள். இந்தத் தலைகீழை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். நம் ரிசர்வ் வங்கிப் பக்கத்திலும் பழைய ரேட் கிடைக்கும், ஆனால் அங்கே டாலர், பவுண்டு, யூரோ, யென் என்றுதான் பல வருடத்துக்கு இருக்கும். ரிங்கிட்டுக்கு நான் முன்னே சொன்ன வகுத்தல் கணக்கைப் போட வேண்டும்.

மாத சராசரி, மாதக் கடைசி நாள் ரேட், குறிப்பிட்ட நாள் ரேட் இந்த மூன்றும் வேறு வேறு. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தை கிடையாது, அன்றைக்குத் தெரிவது முந்தைய வேலை நாளின் ரேட்.

இதைவிட முக்கியமானது உங்கள் சொந்தக் கணக்கு. வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் ரேட்டின் நடு எண் ஒன்று உண்டு, இணையத்தில் தேடினால் வருவது பெரும்பாலும் அதுதான். கடையோ ஆப்போ அந்த ரேட்டை உங்களுக்குத் தராது. எவ்வளவு குறைத்துத் தருகிறது என்பதில்தான் உங்கள் பணம் போகிறது. ஒரு நோட்டில் ஒவ்வொரு முறையும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: தேதி, கட்டிய மொத்த ரிங்கிட், அதில் சர்வீஸ் சார்ஜ், ஊரில் வந்து சேர்ந்த ரூபாய், அன்றைய நடு ரேட். கூகுள் ஷீட் தெரிந்தவர்கள் அதில் ஃபார்முலா போட்டால் அன்றைய நடு ரேட்டை அதுவே எடுத்துத் தரும்.

கணக்குக்கு ஒன்று சொல்கிறேன். நடு ரேட் 20. கடை 19.70 தருகிறது, சார்ஜ் 10 வெள்ளி. 1,500 அனுப்ப 1,510 கட்டுகிறீர்கள். ஊரில் 29,550 ரூபாய் வரும். 29,550ஐ 1,510ஆல் வகுத்தால் 19.57. இதுதான் உங்கள் உண்மையான ரேட். கட்டியதற்கு நடு ரேட்டில் 30,200 வந்திருக்க வேண்டும், 650 ரூபாய் வழியில் போய்விட்டது. "சார்ஜ் இல்லை" என்று போர்டு வைத்திருக்கும் இடத்திலும் இதே வகுத்தலைப் போடுங்கள், ரேட்டில் எடுத்திருப்பது தெரிந்துவிடும். சில மாதம் எழுதினாலே எந்த இடம் உங்களுக்குச் சரி என்று நோட்டே காட்டும்.

அப்புறம் காத்திருப்பதைப் பற்றி. ஊரில் கடன் இருந்தால் ரேட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். பயணச் செலவுக்கு உம்மாவின் நகையை அடகு வைத்தோ, ரெண்டு வட்டிக்கு வாங்கியோதான் பலர் விமானம் ஏறுகிறோம். நூற்றுக்கு மாதம் இரண்டு என்றால் 30,000 ரூபாய்க்கு மூன்று மாத வட்டி 1,800. நீங்கள் 1,500 வெள்ளியை மூன்று மாதம் கையில் வைத்திருந்தால், ரேட் 20இலிருந்து 21.20க்கு ஏறினால்தான் நட்டமில்லாமல் நிற்பீர்கள். வட்டி ஒவ்வொரு மாதமும் நிச்சயம் ஏறும். ரேட் அப்படி ஏறும் என்று எந்த உறுதியும் கிடையாது. கடன் முடியும் வரை சம்பளம் வந்த வாரமே அனுப்பிவிடுங்கள். கடன் முடிந்து மிச்சம் நிற்கத் தொடங்கிய பிறகு, பழைய ரேட்டோடு ஒப்பிட்டு நல்ல உயரம் என்று தெரியும்போது கொஞ்சம் கூடுதலாக அனுப்பலாம்.

துபாயில் இருக்கும் மச்சான் ஒருவர், திர்ஹமுக்கும் இதே கணக்குதானா என்று கேட்டார். அது எளிது. 1997 முதல் டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று மாறாமல் இருக்கிறது. டாலரின் ரூபாய் ரேட்டை அதனால் வகுத்தால் போதும். 2022 ஜூலையில் டாலர் முதன்முறையாக 80ஐத் தாண்டியபோது திர்ஹம் 21.78 வந்தது அப்படித்தான். சவூதி ரியாலும் 3.75 என்று நிற்கிறது. அங்கே ரூபாயை மட்டும் பார்த்தால் போதும், மலேசியாவில் அந்த வசதி இல்லை.

சிங்கப்பூர் தம்பிகளுக்கு அங்குள்ள நாணய ஆணையத்தின் தளத்தில் பழைய ரேட் இருக்கிறது, அதுவும் 100 ரூபாய்க் கணக்குதான். இரண்டு நாட்டு வெள்ளியும் 1973 மே வரை ஒன்றுக்கு ஒன்றாக மாறியவை. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும்.

கடைசியாக உண்டியல், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்புவது. ரேட் கூடக் கிடைக்கிறது என்று ஆள் வந்து சொல்வார்கள். அது இந்தியச் சட்டத்துக்குப் புறம்பானது. பணம் வராவிட்டால் கேட்க நாதி கிடையாது. அதோடு, நாளைக்கு ஊரில் மனை வாங்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கு நம் வங்கிகள் தரும் என்ஆர்இ கணக்கு திறந்து அதில் அனுப்புங்கள், ரசீதை நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். கணக்கு திறப்பதற்கான தாள்களில் சந்தேகம் இருப்பவர்கள் எந்த ஊர், எந்த பெர்மிட் என்று சேர்த்துக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.