அம்மா திதிக்குச் சாப்பாடு: எந்தக் குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுக்கலாம்?

ஈஜிபுரா மகள்:
வணக்கம். அம்மா தவறி வரும் ஆடியோடு ஒரு வருஷம். சின்ன வயதில் சித்தி வீட்டில் சோற்றுக்கு அடி வாங்கி வளர்ந்தவர். அதனால் திதியன்று, அப்படி அடிபட்டு வந்த பிள்ளைகளுக்கு வடை பாயசத்தோடு என் கையால் பரிமாற வேண்டும் என்று ஆசை.

பெங்களூரிலேயே இரண்டு இடத்தில் விசாரித்தேன். ஓரிடத்தில், "எப்ப வேணாலும் வாங்க, பிள்ளைங்க பாட்டுப் பாடுவாங்க, போட்டோ எடுத்துக்கலாம், ஒரு வேளைக்கு எட்டாயிரம்" என்றார்கள். இன்னொன்று, வீட்டில் கொடுமை பட்ட பெண் பிள்ளைகளுக்கான இல்லம். அங்கே கேட்டைத் தாண்ட விடவில்லை. "அரிசி பருப்பா கொடுங்க, ரசீது தர்றோம். சமைச்சது வேண்டாம். பிள்ளைங்களைப் பார்க்க முடியாது" என்று வார்டன் சொல்லிவிட்டார். மனசு சங்கடமாகிவிட்டது. எதற்குக் கொடுப்பது?

அல்சூர்வாசி:
மேடம், இரண்டு இடத்திலும் முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி எல்லா இல்லமும் பதிவு செய்து, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, குறைந்தது ஒரு லட்சம் அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஒழுங்காக நடத்துகிறவர்கள் கேட்டால் கோபப்பட மாட்டார்கள். வரிவிலக்கு வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

ஐடிஐ காலனி பெரியம்மா:
உள்ளே விடாத இல்லத்துக்கே கொடு கண்ணு.

நான் ஐடிஐ டெலிபோன் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆறு வருஷமாகச் சனிக்கிழமைகளில் இப்படி ஓர் இல்லத்துக்குப் போகிறேன். அங்கே பார்த்துக்கொள்கிற அம்மாக்களுக்குக் கன்னடம்தான் தெரியும். மெஜஸ்டிக் ஸ்டேஷனில் மீட்டுக் கொண்டுவரும் சில பிள்ளைகளுக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அப்படியும் போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்து உள்ளே போக இரண்டு மாதம் ஆனது. ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது, ஒருத்திக்கு மட்டும் பொருள் வாங்கித் தரக் கூடாது, பழைய கதையைக் கிண்டக் கூடாது, போன் வெளியே. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பிள்ளைகள் தானாக வந்து சேர்ந்தவர்கள் இல்லை. யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டு, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தி, குழு உத்தரவில் வந்தவர்கள். அடித்த ஆள் வெளியே நடமாடிக்கொண்டிருப்பான். உன் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ போதும், இவள் எந்த ஏரியாவில் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பேரோ முகமோ பள்ளிக்கூடமோ வெளியே தெரியும்படி செய்தால் அதே சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை ஜெயில் இருக்கிறது. வார்டன் உன்னிடம் முறுக்கிக்கொள்ளவில்லை.

ஒன்பது வயதில் ஒருத்தி வந்தாள். இடது கையால் தட்டை வளைத்துக்கொண்டுதான் சாப்பிடுவாள். சப்பாத்தியை மடித்துச் சட்டைக்குள் ஒளிப்பாள். யாரும் திட்டவில்லை. சமையல்கார அம்மா ஒரு டப்பாவில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் போட்டு அவள் தலைமாட்டில் வைத்தார். ராத்திரி எழுந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் படுப்பாளாம். நாலாவது மாதம் டப்பா திறக்காமலே விடிந்தது. அதைச் சொல்லும்போது அந்த அம்மா அழுதுவிட்டார்.

அவளிடம் நான் ஒரு தப்புச் செய்தேன். மகள் பிரசவத்துக்குப் புனே போனவள் சொல்லாமல் போய்விட்டேன், இரண்டு மாதம். திரும்பி வந்தபோது ஐந்து சனிக்கிழமை எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள். இப்போது வராத நாளை முன்கூட்டியே காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுகிறேன். ஒரு மத்தியானம் பாயசம் போட்டு, கட்டிப்பிடித்து, கண் கலங்கிவிட்டுப் போகிறவர்கள் இவளை என்ன செய்துவிட்டுப் போவார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

தீபாவளிக்கு அங்கே ஸ்வீட் பெட்டி வைக்க இடம் இருக்காது. 2024 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது டேங்கருக்குக் காசில்லாமல் தவித்தார்கள். ராத்திரி முழித்திருக்கும் அம்மாவின் சம்பளம், மனநல ஆலோசகர் ஃபீஸ், கரண்ட் பில் இதற்கெல்லாம் யாரும் திதி கொடுப்பதில்லை. அந்த எட்டாயிரத்தை மாதாமாதம் பிரித்துக் கொடுக்க முடியுமா பார்.

இல்லத்தில் வளர்ந்தவன்:
அக்கா, நீங்கள் சொன்ன அந்த முதல் மாதிரி இல்லத்தில் எட்டு வருஷம் இருந்தேன். யாருடைய பிறந்தநாளானாலும் கேக் வெட்டி, நாங்கள் பாடி முடித்து, போட்டோவுக்கு நின்ற பிறகுதான் இலை போடுவார்கள். பிரியாணி ஆறிப்போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 18 முடிந்தால் வெளியே வர வேண்டும். 21 வரை பின்பராமரிப்பு, அதாவது வெளியே வந்த பிறகும் உதவி, உண்டு என்கிறது சட்டம். எனக்கு யாரும் சொல்லவில்லை. மடிவாளாவில் ரூமுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்கள். இல்லத்துக்கு ட்யூஷன் எடுக்க வந்த ஓர் அண்ணன்தான் அதைக் கட்டினார். 18-ஐ நெருங்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஈஜிபுரா மகள்:
பெரியம்மா, தம்பி, ரொம்ப நன்றி. வார்டனிடம் மறுபடி பேசினேன். பதிவுச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். இப்போதைக்குத் தேவை நாப்கின், பேன் மருந்து, மிக்ஸி ஜார் இரண்டு என்றார். டிசம்பரில் ஒரு பெண்ணுக்கு 18 முடிகிறதாம், அவள் அட்வான்ஸுக்கு இப்போதிருந்தே சேர்க்கப் போகிறேன். திதியன்று வீட்டில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அரிசி மூட்டையை கேட்டிலேயே இறக்கிவிட்டு வருவேன். கணக்குப் பாடம் எனக்கு நன்றாக வரும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வெரிஃபிகேஷனுக்கு விண்ணப்பம் போட்டாச்சு.