பெல்டியர் தகடு இரண்டே நிமிடத்தில் குளிர்ச்சியை இழக்கிறது: உதவி தேவை

நீலமணி: சிறிய பெட்டி ஒன்றைக் குளிர்விக்கப் பெல்டியர் தகடு (மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) பொருத்தினேன். மின்சாரம் கொடுத்ததும் ஒரு பக்கம் நன்றாகக் குளிர்கிறது. இரண்டு நிமிடத்தில் அதே பக்கம் சூடாகிவிடுகிறது. தகடு பழுதா? நாளைக்குள் முடிக்க வேண்டும்.

இளவேனில்: தகட்டின் எண் என்ன, எத்தனை வோல்ட் கொடுக்கிறீர்கள், மறுபக்கத்தில் என்ன பொருத்தியிருக்கிறீர்கள் என்பதைத் தெரிவியுங்கள்.

கதிரொளி: கம்பிகளை மாற்றி இணைத்திருப்பீர்கள். சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

ஆழிநாதன்: அடிப்படையைப் படிக்காமல் கேள்வியும் விடையும் எழுதுவதை இங்கே பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். இரு வேறு உலோகங்கள் சேரும் இடம், மின்னோட்டத்தின் திசைக்கேற்பக் குளிரும் அல்லது சூடாகும் என்ற விளைவைப் பெல்டியர் கண்டறிந்தது 1834இல். 1838இல் இயற்பியலாளர் லென்ஸ், பிஸ்மத், ஆன்டிமனி என்னும் இரு உலோகங்கள் சேரும் இடத்தில் ஒரு துளி நீரை உறையவைத்து, மின்னோட்டத்தைத் திருப்பி அதையே உருகவைத்தார். கம்பி மாறியிருந்தால் அந்தப் பக்கம் முதல் நொடியிலேயே சூடாகியிருக்கும். முதலில் குளிர்ந்திருப்பதால் திசை சரியாகவே இருக்கிறது.

வெண்பனி: எனக்குத் தகட்டின் தரத்தில்தான் ஐயம். எண்ணை மட்டும் அச்சிட்ட போலிகள் உண்டு.

நீலமணி: 12706, 12 வோல்ட். சூடான பக்கத்தில் வெப்பத்தைக் காற்றில் விடும் சிறிய அலுமினிய ஹீட் சிங்க் இருக்கிறது, விசிறி இல்லை. அது முக்கியம் என்று தோன்றவில்லை.

இளவேனில்: காரணம் அதுதான். 127 இணை பிஸ்மத் டெல்லுரைடு என்னும் குறைக்கடத்தித் துண்டுகள் கொண்ட இந்தத் தகட்டில் செல்லும் மின்னோட்டம், குளிர் பக்கத்து வெப்பத்தை மறுபக்கத்துக்குச் சுமந்து செல்கிறது. ஆனால் தகடு உண்ணும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறி அதே மறுபக்கத்தில் சேர்வதால், பெட்டியிலிருந்து எடுத்த வெப்பத்தோடு இன்னும் ஏறத்தாழ 50 வாட்டையும் உங்கள் ஹீட் சிங்க் காற்றில் விட்டாக வேண்டும். விசிறியில்லாத சிறிய துண்டால் அது முடியாது. சூடான பக்கம் ஏற ஏற, 4 மில்லிமீட்டர்கூடத் தடிப்பில்லாத தகட்டின் வழியே வெப்பம் திரும்பிக் கசிந்து குளிர் பக்கத்தையும் சூடாக்குகிறது. உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அளவுக்கு மீறிச் சூடானால் உள்ளிருக்கும் பற்றவைப்பு உருகிவிடும். தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே வெப்பப் பசையை மெல்லியதாகத் தடவி, பெரிய ஹீட் சிங்கும் விசிறியும் பொருத்துங்கள்.

வெண்பனி: மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்தாலே சூடு குறையுமே.

ஆழிநாதன்: தவறு. பாதி நேரம் முழு மின்னோட்டம் விட்டால், தகட்டின் மின்தடையால் எழும் சூடு பாதியாகும். அந்தச் சூடு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், எப்போதும் பாதி மின்னோட்டம் விட்டால் அது கால் பங்காகும். உந்தப்படும் வெப்பமோ இரண்டிலும் ஒன்றே.

வெண்பனி: கணக்கை ஏற்கிறேன். ஆனால் வெப்பநிலையைக் கட்டுப்படுத்த அணைத்து இயக்கும் முறை எளிது.

ஆழிநாதன்: எளிதுதான், அணைத்திருக்கும் வேளையில் சூடான பக்கத்து வெப்பம் தகட்டின் வழியே பெட்டிக்குள் திரும்புகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

நீலமணி: விசிறியோடு பெரிய ஹீட் சிங்க் மாட்டினேன். அரை மணி நேரமாகக் குளிர்ச்சி நிற்கிறது. இளவேனில் அவர்களுக்கு மிக்க நன்றி.