'கேன்சல்' செய்வதற்கு ஒரு சொல்: காரணி அடித்தல் சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

பின்னக் கணக்கில் மேலும் கீழும் உள்ள எண்களை ஒரே எண்ணால் வகுத்துச் சிறிதாக்குவதைக் 'கேன்சல் பண்ணு' என்கிறோமே, அதற்குக் கணக்குக் கலைச்சொல் பட்டியலுக்காக நடக்கும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: குறுக்குவெட்டு, நீக்கம், சுருக்கல். மூன்றுமே எனக்கு உறுத்துகின்றன. காரணம் சொல்லும் முன் ஒரு கணக்கு.

2/3 × 9/10 + 5/6

பெருக்கலை முதலில் முடிக்க வேண்டும், அதில் சண்டை இல்லை. மேலே 2, கீழே 10. இரண்டால் அடித்தால் 1, 5. மேலே 9, கீழே 3. மூன்றால் அடித்தால் 3, 1. மிஞ்சுவது 3/5. கணக்கு இப்போது 3/5 + 5/6 என்று வந்து நிற்கிறது.

வழுக்குவது இங்கேதான். கீழே ஒரு 5, எதிரே மேலே ஒரு 5. மேலே 3, எதிரே கீழே 6. ஒரு நிமிடம் முன்புவரை அடித்துக்கொண்டிருந்த கை சும்மா இருக்குமா? இதையும் அடித்து 1/1 + 1/2 ஆக்கி, ஒன்றரை என்று எழுதிவிடும். உண்மையில் இது 18/30 + 25/30, அதாவது 43/30. ஒன்றரை என்பது 45/30. இரண்டுக்கும் வித்தியாசம் பதினைந்தில் ஒரு பங்குதான். விடை தாறுமாறாக வந்திருந்தாலாவது திரும்பிப் பார்ப்போம். இது பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி சாதுவாக உட்கார்ந்திருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

ஆகவே நாம் தேடும் சொல், கூட்டல் குறிக்கு முன்னால் வந்ததும் கையைப் பிடித்து நிறுத்துகிற சொல்லாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

> குறுக்குவெட்டு ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

புழங்குகிறது, ஆனால் வேறு வீட்டில். தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம், கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு என்று அறிவியல் பாடத்தில் அது வேரூன்றிவிட்டது. அதைவிடப் பெரிய குறை, 'குறுக்கு' திசையை மட்டுமே சொல்கிறது. 3/5 + 5/6 என்பதிலும் இரண்டு ஐந்துகள் குறுக்காகத்தான் நிற்கின்றன. பெயர் சொன்னபடிதான் பிள்ளை செய்தது! போதாததற்குக் குறுக்குப் பெருக்கல் என்று ஒன்று வேறு இருக்கிறது. அப்புறம், 9/12-ஐ 3/4 ஆக்கும்போது நேர் மேலும் கீழுமாக அடிக்கிறோம். அதில் குறுக்கு எங்கே வந்தது?

> அப்படியானால் நீக்கம்?

இரண்டு மாறிகள் உள்ள சமன்பாடுகளில் நீக்கல் முறை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் என் தயக்கம் அதனால் அல்ல. நீக்கினால் எதுவும் மிஞ்சாது என்று மனம் எடுத்துக்கொள்ளும். மேலே 4, கீழே 4 அடித்துவிட்டு அந்த இடத்தில் 0 போடுகிற பழக்கம் இப்படித்தான் வருகிறது. உண்மையில் அங்கே 1 இருக்கிறது. புணர்ச்சியில் விகாரம் மூன்று என்று படித்திருக்கிறோம்: தோன்றல், திரிதல், கெடுதல். பின்னத்தில் நடப்பது கெடுதல் அல்ல, திரிதல். நான்கு ஒன்றாகத் திரிகிறது. (இதைச் சொன்னதற்காகத் 'திரிப்பு' என்று யாரும் சொல் செய்துவிட வேண்டாம். பழி என் மேல் விழும்.)

சுருக்கலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முழுக் கோவையையும் ஒரே எண்ணாக்குவதற்குத்தான் 'சுருக்குக' என்று கேட்கிறோம். அதன் நடுவே வரும் ஒரு படிக்கும் அதே பெயர் என்றால் குழப்பம்தான்.

என் முன்மொழிவு: காரணி அடித்தல். 'அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது' என்பதில் வருகிற அதே அடித்தல்தான். வகுப்பில் வாயில் வருவதும் 'மூணை அடி' என்பதே. வினையாகவும் இயல்பாக ஓடும்: காரணியை அடித்து, அடித்தபின், அடிக்கக் கூடாது. காவல் வேலையை முன்னால் நிற்கும் 'காரணி' பார்த்துக்கொள்ளும். பெருக்கலில் இருப்பவை காரணிகள், கூட்டலில் இருப்பவை உறுப்புகள். 3/5 + 5/6 என்பதில் அந்த 5 எதற்குக் காரணி என்று கேட்டால் பதில் வராது. பதில் வராவிட்டால் அடிக்கக் கூடாது.

> கூட்டலிலும் பொதுக்காரணி வரும் இடங்கள் உண்டே?

உண்டு. நல்ல கேள்வி. நம் பேச்சிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஏறக்குறைய எல்லாம் என்பதற்கு 'முக்காலே மூணு வீசம்' என்கிறோம். முக்கால் என்பது மூன்று × கால். மூணு வீசம் என்பது மூன்று × பதினாறில் ஒன்று. நடுவில் இருக்கும் ஏகாரம்தான் கூட்டல் குறி. அரைக்கால், முக்கால் என்று ஒட்டிச் சொன்னால் பெருக்கல், 'ஒன்றே கால்' போல ஏ போட்டுச் சொன்னால் கூட்டல். குறி இல்லாமலே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள்!

இப்போது 3 × 1/4 + 3 × 1/16. மூன்று இரு பக்கமும் இருக்கிறது. அதை அடிக்க முடியாது, வெளியே எடுக்கலாம்: 3 × (1/4 + 1/16) = 3 × 5/16 = 15/16. இது பங்கீட்டுப் பண்பு. இதற்குப் 'பொதுக்காரணி எடுத்தல்' என்று தனியாகவே சொல் இருக்கட்டும். எடுப்பது வேறு, அடிப்பது வேறு.

இன்னொன்று. பெருக்கலும் கூட்டலும் சேர்ந்து வரும் கணக்கைக் 'கலப்புக் கணக்கு' என்று சென்ற மடலில் குறித்திருந்தீர்கள். கலப்பு பின்னம் ஏற்கெனவே இருப்பதால், 1½ போன்ற எண் வந்தால்தான் கலப்புக் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். 'பெருக்கல்-கூட்டல் கணக்கு' என்று அப்பட்டமாகவே சொல்லிவிடலாம். எல்லாவற்றுக்கும் புதுச்சொல் தேவையில்லை.

பின்னத்தின் மேல் எண், கீழ் எண் இரண்டையும் தமிழ்நாட்டில் தொகுதி, பகுதி என்பதை இலங்கையில் தொகுதியெண், பகுதியெண் என்கிறார்கள். எனக்கு அதுவே தெளிவாகப் படுகிறது. வெறும் 'பகுதி' துண்டு என்றும் பொருள்படும் அல்லவா? 'கேன்சல்' செய்வதற்கு அங்கே வகுப்பறைகளில் என்ன சொல்கிறார்கள் என்று இலங்கை நண்பர்கள் எழுதினால், பட்டியலில் ஏற்றும் முன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.