பழைய ஆக்டேவியாவுக்கு டவுன்பைப்: போர்ட்டிகோவில் கழிந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை

கோயம்புத்தூரிலிருந்து:

என் வண்டி 2005 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., 1.8 டர்போ பெட்ரோல். சிக்னலில் நின்றால் ஏசி வழியாகப் புகை வாடை வரும், ஓடும்போது வராது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம், இன்ஜின் சூடானதும் அடங்கிவிடும். பல மாதம் இப்படியே ஓட்டிவிட்டேன். ஒருநாள் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, “தல கிர்ருனு வருது சாமி, கண்ணாடிய எறக்கு” என்றார். வீடு வந்ததும் வண்டியை நிறுத்தியவன், வேலை முடியும்வரை எடுக்கவில்லை.

இந்த வண்டியில் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றைத் திணிக்கும் விசிறி) இன்ஜினுக்குப் பின்னால், டேஷ்போர்டு பக்கம் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் குழாய்தான் டவுன்பைப். நம் ஊர் மெக்கானிக்குகள் பெண்ட் பைப் என்பார்கள். அதில் இருக்கும் வலைபோட்ட, வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸ் பகுதி கிழிந்திருந்தது. வண்டி நிற்கும்போது கசியும் புகை நேராக மேலே எழும்பி, முன்கண்ணாடியின் அடியில் ஏசி காற்றை இழுக்கும் வாய்க்குள் போய்விடுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. நம் மூக்குக்குத் தெரிவது அதோடு சேர்ந்து வரும் மற்ற வாயுக்கள்தான். வாடை அடிக்கவில்லை என்றாலும் ‘டிக் டிக்’ கேட்டால் உடனே பாருங்கள்.

புதுக் குழாய் தேடியபோது, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத 3 இன்ச் குழாய்தான் எல்லாரும் காட்டினார்கள். விலையும் பாதி. நான் 200 செல் (சதுர அங்குலத்துக்கு 200 துளை) கன்வெர்ட்டர் வைத்த ஸ்டெயின்லெஸ் குழாயைத்தான் வாங்கினேன். இந்த வயது பெட்ரோல் காருக்கு புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கன்வெர்ட்டரைக் கழற்றிய வண்டி அதில் தேறுவது கஷ்டம். மாசு விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல் 10,000 ரூபாய் வரை அபராதம். அபராதத்தை விடுங்கள், அம்மாவை மூச்சுமுட்ட வைத்த புகையைத் தெருவில் போகும் இன்னொருவர் மூக்கில் விட எனக்கு மனசு வரவில்லை.

குழாயை மாட்டுவது பெரிய வேலை இல்லை. பழைய நட்டைக் கழற்றுவதுதான் வேலை. டர்போவில் நான்கு நட். வெள்ளி, சனி இரண்டு ராத்திரியும் துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊறவிட்டேன். ஞாயிறு காலை பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கழற்றிய சக்கரங்களைப் பக்கவாட்டுச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டேன். குழாய் இறங்க வழிவேண்டி வலதுபக்க டிரைவ் ஷாஃப்டை உள்பக்கம் கழற்ற வேண்டியிருந்தது. அதன் போல்ட் தலையில் பன்னிரண்டு முனை இருக்கும். நட்சத்திர பிட் போலத்தான் தெரியும், ஆனால் அதைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும். சரியான பிட்டை, குழியில் இருக்கும் மண்ணை ஆணியால் சுரண்டி எடுத்துவிட்டு, சுத்தியலால் தட்டி இறக்குங்கள்.

மூன்று நட் வந்துவிட்டது. நான்காவது எனக்குக் கண்ணிலேயே படவில்லை, விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடித்தேன். நீள எக்ஸ்டென்ஷன் போட்டுத் திருகியதில் சாக்கெட் வழுக்கி நட் உருண்டையாகிவிட்டது. அன்றைக்கு அதோடு விட்டேன். கோபத்தில் இன்னொரு தரம் திருகியிருந்தால் நட் ஏறியிருக்கும் மரைக்கம்பி, அதாவது ஸ்டட், முறிந்திருக்கும் என்று இப்போதும் நம்புகிறேன்.

அடுத்த ஞாயிறு, ஒரு சைஸ் சின்ன ஆறுமுனை சாக்கெட்டை நட்டின் மேல் அடித்து ஏற்றினேன். முன்னும் பின்னுமாகக் கால் திருகு, கால் திருகாக ஆட்ட ஆட்ட, ‘கிரீச்’ என்று முனகிக்கொண்டு ஸ்டட்டோடு சேர்ந்து வெளியே வந்தது. மரை வெட்டும் டேப் கருவியை விட்டு மரையைச் சுத்தம்செய்து புது ஸ்டட் போட்டேன்.

புதுக் குழாயை ஏற்றும்போது எதையும் உடனே முறுக்கக் கூடாது. எல்லா நட்டையும் கையால் பிடிக்கவைத்து, குழாய் எங்கும் இடிக்காமல் நிற்கிறதா என்று பார்த்து, பிறகு டர்போ பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்க வேண்டும். டர்போ நட்டுக்கு 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு, புகையில் இருக்கும் ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்கு 50. கேஸ்கெட்டும் நட்டும் புதுசு. எனக்கு முதல் தடவை ரிவர்ஸ் எடுத்தபோது ‘டொக்’ என்று அடித்தது. இன்ஜின் அசையும்போது குழாய் கீழ்ச்சட்டத்தில் இடித்திருக்கிறது. எல்லாவற்றையும் தளர்த்தி, குழாயைக் கொஞ்சம் திருப்பி, சுற்றிலும் ஒரு விரல் நுழையும் இடைவெளி வைத்ததும் நின்றது. மறக்காமல் இன்ஜின் சூடேறும் முன்பே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், கசிந்தால் குமிழி வரும். முதல் பத்து நிமிடம் குழாயில் ஒட்டிய எண்ணெய் புகையும், அதற்கு வண்டியை வெளியே தள்ளி நிறுத்திக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து:

அண்ணா, சக்கரத்தைக் கழற்றி அடியில் போட்டேன் என்று நீங்கள் எழுதியதை எல்லாரும் இரண்டு தரம் படிக்க வேண்டும். நான் மாருதி ஜென்னில் இதே பெண்ட் பைப்பை மாற்றினேன். ஸ்டாண்ட் இல்லை, வண்டியோடு வந்த ஜாக்கி மட்டும்தான். கீழே படுத்துக்கொண்டு ஸ்பானரை இழுத்த இழுப்பில் ஜாக்கி சாய்ந்து வண்டி இறங்கிவிட்டது. அப்பா திட்டித் திட்டிப் போடவைத்த ஸ்டெப்னி டயர்தான் தாங்கியது. நெஞ்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அன்று சாயங்காலமே ஒரு ஜோடி ஸ்டாண்ட் வாங்கினேன். அதை இரவல் கேட்டு யார் வந்தாலும் கொடுப்பேன்.

கனடா ஸ்காபரோவிலிருந்து:

இங்கை பனிக்காலம் முழுக்க ரோட்டிலை உப்புப் போடுவினம். அதாலை உங்கட நட்டுப் போலை ஊறவிட்டுக் கழட்டுற கதையே இல்லை. என்ரை பழைய வோக்ஸ்வாகன் கோல்ஃப் காரிலை நாலிலை மூண்டு ஸ்டட் முறிஞ்சுது. சரியான கரைச்சல். கடைசியிலை டர்போவையே கழட்டி வெளியிலை எடுத்து, முறிஞ்ச துண்டிலை ஒரு நட்டை வச்சு வெல்ட் பண்ணி, சூட்டோடை திருப்பித்தான் எடுத்தது. ஒண்டாரியோவிலை கார்களுக்கான புகைச் சோதனையை 2019 ஏப்ரலோடை நிப்பாட்டிட்டினம். அதுக்காகக் கன்வெர்ட்டரைக் கழட்டலாம் எண்டு நினைக்காதையுங்கோ, கழட்டிறது இப்பவும் சட்டப்படி குற்றம்தான். தம்பி, கன்வெர்ட்டருக்குப் பின்னாலை இருக்கிற ஆக்சிஜன் சென்சாராலை உங்களுக்கு இன்ஜின் லைற் வரேல்லையோ?

கோயம்புத்தூரிலிருந்து:

வந்ததுங்கண்ணா. ஒரு மாதம் கழித்து பி0420, கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பிழைக் குறி. சென்சாரை ஏமாற்ற நடுவில் ஒரு ஸ்பேசர் போடச் சொன்னார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. முதலில் கசிவைத் தேடினேன். பின் இணைப்பில் கிளாம்ப் தளர்ந்திருந்தது. இறுக்கி, அந்தப் பிழைக் குறியை அழித்தேன், இதுவரை திரும்ப வரவில்லை. போன வாரம் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.08. அம்மா இப்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் உட்காருகிறார்.