லிவிங் வில் செல்லும், ஊசி செல்லாது: இந்தக் கோட்டை யாருக்காகப் போட்டார்கள்?

பரமக்குடிக்காரன்:
சித்தப்பா போன மாசியில் தவறினார். வாய்ப்புற்றுநோய். தாடையில் பாதியை எடுத்த பிறகு பேச்சு போய்விட்டது. பேத்தியின் சிலேட்டை வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், எது வேண்டுமென்றாலும் அதில் எழுதித்தான் காட்டுவார். ஃபேனைப் போடு, கதவைச் சாத்து, ஸ்கோர் என்ன. கடைசி இரண்டு மாதம் அதிகம் எழுதியது "ஊசி போட்டு முடிச்சுவிடச் சொல்லு". நான் படித்து முடித்ததும் அவரே கையால் அழித்துவிடுவார், சித்தி கண்ணில் படக் கூடாதென்று.

கண்ணியமாகச் சாவதும் அடிப்படை உரிமைதான் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லியாச்சே என்று தேடிப் படித்தேன். படித்தால் வென்டிலேட்டரை எடுக்கலாம், சிகிச்சையை நிறுத்தலாம், அப்படி நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே எழுதி வைக்கும் லிவிங் வில் செல்லும், அவ்வளவுதான். சித்தப்பாவுக்கு இருந்தது மூக்கில் ஒரு குழாய். அதை எடுக்கச் சொல்லிப் பட்டினி கிடந்து சாகலாம், ஊசி போட்டால் மட்டும் கொலையா? நெதர்லாந்தில் 2002-லிருந்து சட்டம் இருக்கிறது, கனடாவில் 2016-லிருந்து. நமக்கு ஏன் இல்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "எல்லாம் கர்மா" என்று யாரும் வர வேண்டாம், துக்க வீட்டிலேயே போதுமான அளவு கேட்டாச்சு.

கறுப்பு_கோட்டு:
வருத்தங்கள். சட்டத்தில் இந்த இடம் மெலிந்த இடம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. 1996-ல் கியான் கௌர் வழக்கில், வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை வராது என்றது ஐந்து நீதிபதிகள் அமர்வு. அப்புறம் அருணா ஷான்பாக். மும்பை கேஇஎம் மருத்துவமனை நர்ஸ், 1973-ல் தாக்கப்பட்டு நினைவில்லாமல் 42 வருடம் கிடந்தவர். நீங்கள் கேட்கிற கேள்வி அங்கேயே வந்தது, ஏனென்றால் அருணாவுக்கும் மெஷின் எதுவும் கிடையாது, பிசைந்த சோற்றை ஊட்டினால் விழுங்குவார். பத்திரிகையாளர் பிங்கி விரானி போட்ட மனு 2011-ல் தள்ளுபடி ஆனது. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட நர்ஸ்களே கூடாது என்றார்கள். ஆனால் அதே தீர்ப்பில்தான் சிகிச்சையை நிறுத்துவதற்கு முதல் வழி திறந்தது. ஊசி வேண்டுமென்றால் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும், நாங்கள் செய்ய முடியாது என்று அதிலேயே சொல்லிவிட்டார்கள். இன்றுவரை எந்தக் கட்சியும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நிறுத்தினால் நோய் கொல்கிறது, ஊசி போட்டால் மனிதன் கொல்கிறான், கோர்ட் பிடித்துக்கொண்டிருக்கும் கோடு இதுதான். மருந்தைக் கையில் கொடுத்து அவரே குடித்தாலும், கொடுத்தவர் மேல் தற்கொலைக்குத் தூண்டிய வழக்கு வரும், பாரதிய நியாய சன்ஹிதாவில் 108-வது பிரிவு. மற்றபடி நினைவு தெளிவாக உள்ள ஒருவர் குழாய் உட்பட எந்தச் சிகிச்சையையும் வேண்டாம் என்று மறுக்கலாம், அதில் சந்தேகமில்லை.

சாத்தூர்_கரிசல்:
நெதர்லாந்து எதுக்கு, எங்க பக்கம் வாங்க. தலைக்கூத்தல் கேள்விப்பட்டிருப்பீர்கள், படுக்கையில் கிடக்கும் பெரியவரை வீட்டாரே சாகடிக்கிற வழக்கம், விருதுநகர் மாவட்டத்தை வைத்து 2010-ல் பேப்பரில் எல்லாம் வந்தது. விடியக்காலையில் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீரைக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்ததை அப்பத்தா சொல்லித்தான் எனக்கே தெரியும். முந்தின நாளே சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம், வெளியூர் மகனுக்கு லீவு கிடைக்கிற தேதியைப் பார்த்துத்தான் நாள் குறித்தார்களாம். அந்தக் கிழவரை ஒரு வார்த்தை யாராவது கேட்டார்களா என்றேன். "அவருக்கு என்னடா தெரியும்" என்றது அப்பத்தா.

உங்கள் சித்தப்பா சிலேட்டில் எழுதிக் கேட்டார், சரி. பத்திரத்தில் கைநாட்டு வாங்குகிற மாதிரி சம்மதமும் வாங்குகிற வீடுகள் எத்தனை? நம்ம ஊரில் பெரியவருக்கு என்ன வியாதி என்பதையே டாக்டர் மகனைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்கிறார். இதில் சட்டம் வந்தால் கேட்கப்போவதும் மகன்தான்.

ரொறன்ரோ_மாமா:
இங்கே கனடாவில் பிள்ளைகள் கேட்கவே ஏலாது தம்பி. நோயாளி தானே எழுத்தில் கேட்க வேண்டும், இரண்டு வைத்தியர்களோ தகுதி பெற்ற தாதியரோ தனித்தனியாக மதிப்பிட வேண்டும். எங்கள் மாடியில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா செவ்வாய்க்கிழமை என்று நாள் சொல்லி, அதற்கு முதல் ஞாயிறு எங்களை எல்லாம் கூப்பிட்டுக் கேக் வெட்டினவ. நான் கேக்கைத் தின்ன முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் கரிசல்காரர் பயப்படுவது வேறு வாசலால் வந்துவிட்டது. 2016-ல் மரணம் நெருங்கியவர்களுக்கு மட்டும் என்றார்கள். 2021-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், மரணம் நெருங்காதவர்களுக்கு 90 நாள் மதிப்பீடு என்று மட்டும் வைத்தார்கள். மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கும் திறக்கப் பார்த்து 2027 மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள். 2023-ல் இப்படிப் போனவர்கள் 15,343 பேர், நாட்டில் இறந்தவர்களில் 4.7 சதவீதம். பெரும்பாலும் புற்றுநோய்க்காரர்தான், அதையும் சொல்ல வேண்டும். எண்டாலும் ஊனமுற்றோர் அமைப்புகள் கேட்கிற கேள்விக்குப் பதில் இல்லை: வாழ ஒரு ஒழுங்கான வீடும் பராமரிப்பாளரும் கிடைக்க வருடக்கணக்கு, சாக 90 நாளா? நான் சட்டத்துக்கு எதிரி இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997-லிருந்து ஆறு மாத ஆயுள் என்ற கோட்டைத் தாண்டவில்லை, மருந்தையும் நோயாளியே உட்கொள்ள வேண்டும். அப்படி நின்றால் எனக்குச் சம்மதம்.

நைட்_டியூட்டி:
பாலியேட்டிவ் வார்டில், அதாவது தீராத நோய்க்காரர்களின் வலியைத் தணிக்கிற பிரிவில் வேலை பார்க்கிறேன். பரமக்குடி அண்ணனிடம் ஒன்று கேட்கணும். சித்தப்பாவுக்கு மார்ஃபின் கொடுத்தார்களா, கடும் வலிக்குக் கொடுக்கிற அபின் வகை மருந்து?

1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு லைசன்ஸ் மேல் லைசன்ஸ் கேட்டு ஆஸ்பத்திரிகள் அதை வாங்குவதையே விட்டுவிட்டன, 2014-ல் சட்டத்தைத் திருத்தியும் நிறைய டாக்டர்களுக்கு இன்னும் அதை எழுதக் கை வராது. கோழிக்கோட்டுப் பக்கம் ஊர்க்காரர்களே வீட்டுக்கு வந்து புண் துடைத்து மருந்து கொடுத்துப் போகிறார்கள், கேரளம் 2008-லேயே இதற்கென்று கொள்கை போட்ட மாநிலம். என்னிடம் "முடிச்சுவிடுங்க சிஸ்டர்" என்று சொன்னவர்களில் பாதிப் பேர் வலி அடங்கி ஒரு ராத்திரி தூங்கி எழுந்ததும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. மீதிப் பேர் எடுக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்று பதினோரு வருடமாக எனக்கும் தெரியவில்லை.

பரமக்குடிக்காரன்:
சிஸ்டர், முதலில் ட்ரமடால்தான், அதைவிட லேசான வலி மருந்து. மார்ஃபின் கடைசி ஒன்பது நாள். மதுரை போய் வாங்கி வந்து, மாத்திரையைப் பொடித்துக் குழாயில் விட்டோம், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி டோஸுக்கு நான் அலாரம் வைத்துக்கொள்வேன். மூன்றாம் நாள் சிலேட்டில் ஸ்கோர் கேட்டார். ஏழாம் நாள் மறுபடி ஊசி என்று எழுதினார். அன்றைக்கு வலி இருந்த மாதிரி தெரியவில்லை, முகம் தெளிவாகத்தான் இருந்தது. அன்றைக்கு மட்டும் அழிக்கவில்லை.

கறுப்பு கோட்டு சார், எனக்கே ஒரு லிவிங் வில் எழுதி வைக்கணும். மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டுமா?

கறுப்பு_கோட்டு:
வேண்டாம், அந்த நிபந்தனையை 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் போதும். உங்களுக்குப் பதிலாக யார் பேச வேண்டும் என்பதைப் பெயர் போட்டு எழுதுங்கள், அவரிடம் இப்போதே சொல்லியும் வையுங்கள். வரைவு அனுப்புகிறேன், தனிச்செய்தியில் வாருங்கள்.